ஒரு மூச்சு நீள நாடா

தகிட தகதிமி, தகிட தகதிமி, ஒரு சுற்றுக்கு ஒரு விரல்கணு. வலது கையின் பன்னிரண்டு கணுவையும் கட்டைவிரல் ஒருமுறை தொட்டு முடித்தால் இடது கையில் ஒரு விரல் மடங்கும். இடது கையின் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அதுதான் சற்குணம் பாட்டுக்குள் மறுபடி இறங்க வேண்டிய இடம். அதுவரை அவனுக்கு வேலை கிடையாது. ஆர்கனில் வாசிக்க வேண்டிய முதல் பகுதியை வாசித்தாயிற்று; இப்போது ஏகாம்பரத்தின் டிரம்ஸும் லூர்துவின் பேஸ் கிடாரும் ஏழடித் தாளத்தில் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போகிற பகுதி, அவர்கள் துரத்தட்டும், அவன் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், சும்மா உட்கார்ந்திருப்பதைப் போலக் கஷ்டமான வாசிப்பு வேறு இல்லை. மூக்கு அரித்தது. சொறியலாம், சத்தம் வராது, ஆனால் சொறியக் கையை எடுத்தால் கணு போய்விடும். கல்யாண வரவேற்புக்கு வாடகைக்கு விடும் சிவப்பு வெல்வெட் சிம்மாசனத்தில் அவனை உட்கார வைத்திருந்தார்கள், கைப்பிடியில் தங்க நிறச் சிங்கத்தலை, ஒரு சிங்கத்துக்கு மூக்கு உடைந்திருந்தது. ஓட்டேரியில் ஏகாம்பரத்தின் சாமியானா கிடங்கு இது. கூரைவரை சுருட்டி அடுக்கிய ஜமுக்காளங்கள், சிவப்புக் கம்பளங்கள், பந்தல் துணி மூட்டைகள். ஆயிரக்கணக்கான பேர் மிதித்த கம்பளத்தின் வாடை, சாம்பாரும் பன்னீரும் மண்ணும் கலந்த வாடை. சத்தம் இங்கே எங்கும் முட்டித் திரும்பி வருவதில்லை, விழுந்த இடத்திலேயே செத்துப்போகிறது. அந்தக் காலத்து ரெக்கார்டுகளில் டிரம்ஸ் இப்படித்தான் கேட்கும், காதுக்குப் பக்கத்தில், எதிரொலி இல்லாமல், மெத்தை மேல் அடித்த மாதிரி. அதைக் கேட்ட அன்றைக்கு, "ஏகா, நீ சோறு போடற கம்பெனி வச்சிருக்கேன்னு நெனச்சியா, ஸ்டுடியோ வச்சிருக்கேய்யா" என்று கத்தியவன் சற்குணம்தான். "வாடகை குடு அப்ப" என்றான் ஏகாம்பரம். இதுவரை கொடுத்ததில்லை.

இரண்டாவது விரல் மடங்கியது. எழுபதுகளின் சத்தம் வேண்டும், எழுபதுகளின் சத்தமே வேண்டும், அதற்கு ஒரு பிசிறு குறைந்தாலும் கூடாது என்று இத்தனை வருஷம் அடம்பிடித்தவன் எழுபதுகளில் என்ன செய்துகொண்டிருந்தான், வியாசர்பாடியில் ஒரு ஓட்டு வீட்டில் மூக்கொழுகத் தவழ்ந்துகொண்டிருந்தான். இங்கிலாந்தில் யாரோ நீள முடிக்காரர்கள் இருபது நிமிஷத்துக்கு ஒரே பாட்டு வாசித்தபோது இவன் காதில் விழுந்தது பக்கத்து வீட்டு ஆட்டுக்கல். ப்ரோக்ரஸிவ் ராக் என்ற பேரே பழைய கேசட் கடை ஒன்றில் தெரிந்துகொண்டதுதான், அதுவும் கடைக்காரர் விற்க முடியாமல் இலவசமாகத் தூக்கிக் கொடுத்த கேசட். அதிலிருந்து ஆரம்பித்தது சனியன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரிடமும் போய் நிற்கவில்லை, கேசட்டை நிறுத்தி நிறுத்தித் திருப்பித் திருப்பி, பென்சிலை விட்டுச் சுற்றி, அந்தப் பாட்டுக்குள் இருக்கிற சர்ச் கோயர் மாதிரியான சத்தம் மனிதர்களுடையதா மெஷினுடையதா என்று தெரியாமல் ஒரு வருஷம் அலைந்து, கடைசியில்தான் தெரிந்தது, இரண்டும்தான். ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு துண்டு டேப். அந்தத் துண்டில் யாரோ ஒரு ஆள் ஒரே ஒரு ஸ்வரத்தைப் பாடி வைத்திருப்பார். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும், குரல் வரும், ஒரு மூச்சு நேரம் வரும், முடிந்ததும் ஸ்பிரிங் நாடாவைப் பின்னால் இழுத்துக்கொள்ளும். அவ்வளவுதான் சூட்சுமம். விலைக்கு வாங்க அவன் பரம்பரையையே விற்றாலும் போதாது, அதனால் அதே மாதிரி ஒரு பெட்டியைத் தானே செய்தான். உடைந்த ஹார்மோனியத்தின் கட்டைகள், செத்த டேப் ரெக்கார்டர்களில் நாடாவைப் படிக்கிற ஹெட்டுகள், தையல் மெஷின் மோட்டார். மாதவரத்தில் மீன் வைக்கிற குளிர்பதனக் கிடங்கில் ராத்திரி வேலை, கம்ப்ரசருக்குக் காவல். கம்ப்ரசர் ஒரே ஸ்வரத்தில் முனகும், அந்த ஸ்வரத்தை வைத்துக்கொண்டு விடிய விடிய மனசுக்குள் அடுக்கி அடுக்கிக் கட்டியதுதான் இந்தப் பாட்டு முழுக்க. கூட வேலை பார்க்கிற பொடியன்கள் போனை நீட்டுவார்கள், "அங்கிள், இந்த ஆப்ல உங்க சவுண்ட் அப்படியே வருது பாருங்க." வரத்தான் செய்தது. அப்படியே வந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

தகிட தகதிமி. லூர்து பேஸை உறும விட்டான், பழைய ஆம்ப்ளிஃபயரின் வால்வு சூடேறி லேசாகக் கருகுகிற வாசனை வந்தது, நல்லது, அப்படித்தான் வர வேண்டும். லூர்துவின் நாற்காலிக்குப் பக்கத்தில் பாட்டைப் பதிவு செய்கிற டேப் மெஷின், ஏலத்தில் எடுத்தது, இரண்டு சக்கரங்களும் ஒரே நிதானத்தில் சுற்றுகின்றன. வெட்டு ஒட்டு கிடையாது, ஆரம்பித்தால் ஒரே ஓட்டம், தப்பினால் முதலிலிருந்து. டேப் ஓடும்போது பேசக் கூடாது, தும்மக் கூடாது, நாற்காலி கிறீச்சிடக் கூடாது. எல்லாம் சற்குணம் போட்ட சட்டம். ஒருமுறை லூர்து மெதுவாகச் சொல்லிப் பார்த்தான், "ண்ணா, அந்தப் பெட்டில இருக்கிற குரலை மட்டும் கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிப்போம்ணா, நாளைக்கு நாடா அறுந்துச்சுன்னா?" இவன் மூன்று நாள் அவனோடு பேசவில்லை. கம்ப்யூட்டரில் ஏறினால் அது செத்துப்போகும் என்று சொன்னான். நாடாவில் இருக்கிற வரைக்கும்தான் உயிர் என்று சொன்னான். அப்போது எவ்வளவு நன்றாக இருந்தது அந்த வசனம். நேற்று சாயங்காலம் போனில் ஹெப்சிபாவிடமும் அதையேதான் சொல்லப் போனான், வாயைத் திறந்து, "அது வந்து, ஹெப்சி" என்பதோடு நிறுத்திக்கொண்டான். மூன்றாவது விரல்.

ஹெப்சியா அது என்று முதலில் தெரியவே இல்லை. ஏதோ தப்பான நம்பர், சளி பிடித்த ஆம்பளை என்று நினைத்தான். "குணா, நான்தான்" என்றது போன். அந்தப் பேரைச் சொல்லி அவனைக் கூப்பிட உலகத்தில் ஒரே ஆள். பெண்டாட்டியாக இருந்தவள். இன்னும் சட்டப்படி இருக்கிறவள், அம்பத்தூரில் அக்கா வீட்டில். தொண்டையில் கட்டி, ஆபரேஷன் பண்ணினார்கள், கட்டி போய்விட்டது, கூடவே குரலும் போய்விட்டது, ஒரு நரம்பு, ஆயிரத்தில் ஒருத்தருக்கு அப்படி ஆகுமாம். "அந்த ஒருத்தி நான்தானாம்" என்று சிரித்தாள், அது சிரிப்பு என்று புரியக் கொஞ்ச நேரமாயிற்று, உப்புத்தாளால் மரத்தைத் தேய்க்கிற மாதிரி இருந்தது. "என் குரல் எங்கயுமே இல்ல குணா. தேடிப் பாத்துட்டேன். கோயர் சிடியில நாப்பது பேரோட சேந்து பாடறேன், அதுல நான் எதுன்னு எனக்கே தெரியல. கல்யாண வீடியோவுல வாயே தொறக்கல. உன் பெட்டியிலதான் இருக்கு. நாளைக்கு மத்தியானமா வரேன். நாடா எல்லாத்தையும் கழட்டிக் குடுத்துடு, அக்கா பையன் அதை எதுலயோ ஏத்தித் தரேங்கறான். அது வரைக்கும் வாசிச்சிடாத, என்ன?" சரி என்றான். சரி என்று சொன்ன அந்த வாயால்தான் இன்றைக்குக் காலையில் ஏகாம்பரத்துக்கு போன் பண்ணி, "மத்தியானம் வேணாம், இப்பவே எடுத்துடுவோம், ஒம்பது மணிக்கெல்லாம் வந்துடு" என்றான். ராத்திரி ஷிஃப்ட் முடித்துக் குளிக்கக்கூட இல்லை, சட்டையில் மீன் வாடை. ஒருமுறை, ஒரே ஒருமுறை வாசித்து டேப்பில் பிடித்துவிட்டால் பிறகு நாடாக்களைக் கழற்றிக் கொடுத்துவிடலாம், அவளுக்கும் கொடுத்ததாயிற்று, பாட்டும் முடிந்ததாயிற்று, இதில் யாருக்கு என்ன நஷ்டம். நஷ்டம் யாருக்கென்று அவனுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவை கட்டையை அழுத்தும்போதும் ரப்பர் உருளை நாடாவை ஹெட்டோடு சேர்த்து நசுக்கும். வாரத்துக்கு ஒருமுறை ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஹெட்டைத் துடைப்பான், பஞ்சில் பழுப்பாக ஒரு தூள் வரும், நாடாவின் மேல்பூச்சு. அந்தத் தூள்தான் அவள் குரல். எத்தனை பஞ்சு, எத்தனை வருஷம். ஓரத்துக் கட்டைகளில் மட்டும்தான் அவள் இன்னும் முழுசாக இருக்கிறாள், நடுக் கட்டைகள் எல்லாம் தேய்ந்து, ஒரே இரைச்சல், இரைச்சலுக்கு அடியில் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரி ஒரு குரல். அதைக் கேட்டுத்தான் லூர்து கண்ணை மூடிக்கொள்வான். "இதாண்ணா வின்டேஜு. இதைக் காசு குடுத்தாலும் வாங்க முடியாது." ஏகாம்பரம்கூட, எதற்கும் அசையாத ஏகாம்பரம்கூட, "உம் பொண்டாட்டி நல்லா இருந்தப்ப பாடனதவிட தேஞ்சப்புறம் நல்லா பாடுதுய்யா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். இவனும் சிரித்தான்.

நாலாவது விரலும் மடங்கியாயிற்று, சுண்டுவிரல் ஒன்றுதான் பாக்கி, அது நீட்டிக்கொண்டு நிற்கிறது, யாரையோ கூப்பிடுகிற மாதிரி. தகிட தகதிமி. அயனாவரம் வீட்டில் அந்தக் கோடையில் ஜன்னலை அடைத்து, மின்விசிறி சத்தம் விழும் என்று அதையும் நிறுத்திவிட்டு அவளைப் பாட வைத்தான். கல்யாணமாகி இரண்டாவது வருஷம். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள், நைட்டியின் முதுகு முழுக்க வேர்வை, பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தால் நிறுத்தி மறுபடி ஆரம்பம். ஒரு ஸ்வரம், ஒரு மூச்சு. "ஆ" என்று மட்டும், நடுங்காமல், ஏறாமல் இறங்காமல். "இன்னொண்ணு" என்பான். பாடுவாள். "லேசா கீழ போயிடுச்சு, இன்னொண்ணு." பாடுவாள். முதல் நாள் அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது, பாடி முடித்துவிட்டு நாக்கை நீட்டினாள், காற்றே இல்லாத அந்த அறையில் அவன் முகத்தில் ஊதினாள். மூன்றாம் நாள் தொண்டை கட்டிக்கொண்டது, மிளகு போட்ட பாலைக் கொடுத்து இன்னொண்ணு என்றான். எல்லாக் கட்டைக்கும் குரல் கிடைத்த அன்றைக்கு அவளிடம் நன்றாயிருந்தது என்று சொன்னானா, யோசித்துப் பார்த்தால் பெட்டியிடம்தான் சொன்னான், மூடியைத் தட்டிக் கொடுத்து, ஆஹா என்றான், அவள் வாசற்படியில் ஈரத்தலையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் நாலைந்து வருஷம் கூடவே இருந்தாள், சமைத்தாள், சர்ச்சுக்குப் போனாள், வீட்டில் பாடுவதை மட்டும் நிறுத்திவிட்டாள், அதை அவன் கவனிக்கவே இல்லை, கவனிக்கவில்லை என்பதையும் அவள்தான் சொன்னாள். சண்டையே கிடையாது. தையல் மெஷின் இருந்த இடம் காலியாகக் கிடப்பதைக் காட்டி, "மோட்டாரைக் கழட்டிட்ட, கேக்கவும் இல்ல. அதை விடு. நீ வீட்டுக்குள்ள நுழைஞ்சா நேரா அது மூஞ்சியத்தான் பாக்கற. நான் பேசினா உனக்குக் காதுல விழறதில்ல, அதுக்குள்ள நான் ஆன்னு கத்துனா மட்டும் விழுது" என்றாள். அவன் அப்போது என்ன சொன்னான், கத்தலை, பாடற, என்றான். திருத்தினான்! போகிறவளைப் பிடித்து நிறுத்தாமல் வார்த்தையைத் திருத்தினான், சே, என்ன ஜன்மம், லோடு ஆட்டோ வந்து நின்றது, பீரோவை யார் தூக்குவது என்று டிரைவர் கேட்டான், இவனே ஒரு பக்கம் பிடித்தான், தன் வீட்டிலிருந்து தன் பெண்டாட்டி போவதற்குத் தானே பீரோ தூக்கிக் கொடுத்த மடையன், அதை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு கையை

இறங்கினான். இடது கை முழுசாக மூடி இருந்தது, ஐந்து விரலும் உள்ளே, இடம் வந்துவிட்டது என்று கண்ணுக்குத் தெரிந்தது, இரண்டு கையும் பெட்டிமேல் போய் விழுந்தன. நடுக் கட்டைகள் நாலு. கிடங்கு முழுக்க ஹெப்சி எழுந்தாள். நாலு ஹெப்சி, ஒருத்திமேல் ஒருத்தி, இரைச்சலும் மூச்சுமாக. ஜமுக்காள மூட்டைகள்கூடக் காதைத் திருப்பின மாதிரி இருந்தது. இதுதான், இந்தச் சத்தம்தான், இதற்காகத்தான், என்று மார்பு விம்மி வருகிறபோதே எதுவோ சரியில்லை, ஏகாம்பரத்தின் தாளம் அவள் குரலுக்குக் குறுக்கே நடந்து போனது, இன்னும் ஒரு விரல் இருக்கிறது, கோபத்தில் மூடிய கையைக் கணக்கு முடிந்த கை என்று எடுத்துக்கொண்டுவிட்டான். கையை எடுத்திருக்க வேண்டும். எடுக்க மனசு வரவில்லை. நாலில் ஒருத்தி தடுக்கினாள். உள்ளே உருளையில் நாடா சுற்றிக்கொண்டது, குரல் கீழே கீழே சரிந்து, முக்கி, இழுபட்டு, கடைசியில் காகிதம் கசங்குகிற சத்தமாக நின்றது.

ஏகாம்பரம் குச்சியைத் தூக்கிப் போட்டான். "யோவ், எங்கய்யா போற? இன்னும் ஒரு ரவுண்டு முழுசா பாக்கி. தாலி கட்டறதுக்கு முன்னாடி பந்திக்கு உக்காந்த மாதிரி!"

லூர்து மெஷினை நிறுத்தினான். அவன் முகம் வேறு மாதிரி இருந்தது. "தப்புதாண்ணா. ஆனா கடைசியில ஒண்ணு சரிஞ்சுது பாரு, உயிரு போற மாதிரி... எப்டிண்ணா பண்ண? மறுபடியும் அது வருமா?"

சற்குணம் முன்னால் குனிந்தான். பெட்டியின் மூடியைத் தூக்கி இரண்டு விரலை உள்ளே விட்டான். நாடா துருத்தியாக மடிந்து வெளியே வந்தது, நடுவில் ஒரு முழம் வழவழவென்று ஒன்றுமில்லாமல் இருந்தது, பழுப்பே இல்லை, கண்ணாடி மாதிரி அந்தப் பக்கம் தெரிந்தது. உள்ளங்கையில் சுருட்டினான்.

"வாம்மா, வா வா" என்றான் ஏகாம்பரம், திடீரென்று மரியாதையாக. கம்பளச் சுருள்களுக்கு நடுவிலிருந்த வழியில் ஹெப்சிபா நின்றுகொண்டிருந்தாள். மத்தியானம் வருகிறேன் என்றவள். கையில் ஒரு எவர்சில்வர் சம்படம், நாடாக்களை வைத்துக்கொள்ளத்தான் போலிருக்கிறது, உள்ளே துணி விரித்துக் கொண்டு வந்திருப்பாள், அப்படிப்பட்டவள். கழுத்தைச் சுற்றி ஒரு பருத்தி ஸ்கார்ஃப். இளைத்திருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள்?

"உன் வீட்டுக்குப் போனேன். கீழ்வீட்டம்மா இங்கன்னு சொன்னாங்க" என்றாள். லூர்து திடுக்கிட்டு அவளைப் பார்த்துவிட்டு உடனே தரையைப் பார்த்தான். அந்தக் குரலை அவன் இப்போதுதான் கேட்கிறான்.

"ட்ரயல்தான் ஹெப்சி" என்றான் சற்குணம். "சும்மா மோட்டார் ஓடுதான்னு..."

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. திட்டுவாள் என்று எதிர்பார்த்துத் தோளை இறுக்கிக்கொண்டு நின்றான். திட்டினால் பரவாயில்லை, திட்டினால் இவனும் ஏதாவது சொல்லலாம், இரண்டு பேரும் சமமாகிவிடலாம். அவள் பெட்டிக்குக் கிட்டே வந்தாள், தூங்குகிற குழந்தையைப் பார்ப்பது போல அதைப் பார்த்தாள், கட்டையைத் தொடவில்லை.

"இப்ப வந்துச்சே. அது நான்தானா?"

"ம்."

"நாலுமே?"

"நாலுமே நீதான்."

 தொண்டையைச் செருமினாள், செருமலிலும் காற்றுதான் வந்தது. "இவ்ளோ கரகரன்னா இருந்துச்சு? நான் என்னமோ... அப்பவே எனக்குத் தொண்டை சரியில்லாமதான் இருந்துதா குணா? டாக்டர் மேல தப்பே இல்லையா? நான்தான் பெருசா நெனச்சிக்கிட்டிருந்தேனா, நல்லா பாடுவேன்னு?"

இது கேள்வி. எளிமையான கேள்வி, ஆமா அல்லது இல்லை. இல்லை ஹெப்சி, நீ வெள்ளிக் கம்பி மாதிரி பாடின, அதை நான் தேச்சேன், அந்த ஓரத்துக் கட்டையை ஒண்ணு அழுத்தறேன் கேளு, அதுதான் நீ. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது, ஒரு மூச்சுகூட ஆகாது. சொன்னால் அவள் சம்படத்தைத் திறப்பாள், ஓரத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுக்க வேண்டியிருக்கும், நடுவில் வரும்போது அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள், அந்தப் பக்கம் தெரியும். பாட்டு இருக்காது. கம்ப்ரசர் மட்டும் இருக்கும். ஏகாம்பரம் இவனைப் பார்த்தான், லூர்து இவனைப் பார்த்தான், இரண்டு பேருக்கும் பதில் தெரியும், இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை, அவர்களுக்கும் அந்தச் சத்தம் வேண்டும். உள்ளங்கைக்குள் நாடா வேர்வையில் ஒட்டிக்கொண்டது.

"ஒரே ஒரு டேக் ஹெப்சி" என்றான் அவன். "முடிச்சிட்டு எல்லாம் பேசலாம்."

"இல்ல, அதை மட்டும் சொல்லிட்டு..." என்று அவள் ஆரம்பித்தாள்.

அவன் லூர்துவைப் பார்த்து விரலை உயர்த்தினான். ஒரு கணம் லூர்து தயங்கினான், ஒரு கணம்தான். பொத்தானை அழுத்தினான். சக்கரங்கள் சுற்ற ஆரம்பித்தன.

டேப் ஓடினால் பேசக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். அவளைவிட அதை யார் நன்றாகக் கற்றிருக்கிறார்கள். பாதி வார்த்தையில் வாயை மூடிக்கொண்டு, சம்படத்தைச் சத்தம் வராமல் ஒரு கம்பளச் சுருளின் மேல் வைத்தாள். அவன் ஆர்கனில் முதல் பகுதியை வாசித்தான். டிரம்ஸும் பேஸும் துரத்த ஆரம்பித்தபோது கைகளைத் தொடைக்குக் கொண்டுவந்தான், கட்டைவிரலை அடிக்கணுவில் வைத்தான். அவளுக்கு இருமல் வந்தது. ஸ்கார்ஃபின் நுனியைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள், கண்ணில் நீர் முட்டியது, தோள் குலுங்கியது, ஒரு பொட்டுச் சத்தம் வெளியே விடவில்லை, பதிலுக்காக அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தகிட தகதிமி, தகிட தகதிமி. இந்தமுறை அவன் மனசு எங்கேயும் போகவில்லை. ஒரு கணுகூடத் தப்பவில்லை.